ஒலி எங்கே நின்றது?

சென்ற பொங்கல் விழாவன்று, நம் சங்கப் பந்தியில் என் அருகே அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், "கைப்பேசியிலேயே ரிமோட் வைத்திருக்கிறோம், ஐயா. சானல் மாறுகிறது, படம் நிற்கிறது, ஓடுகிறது. சப்தம் மட்டும் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில் இந்த வியாதியைத் தீர்த்துவிட்டீர்களாமே?" என்று கேட்டார். எதிர்ப் பந்தியிலிருந்த இருவர், "எங்கள் வீட்டிலும் அதே கதைதான்" என்றனர். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கக் கூடிய விஷயமன்று அது. ஆகவே இங்கே எழுதத் துணிந்தேன். நான் பொறியியல் கற்றவனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எழுதுவது யாவும் பட்டறிந்தவையே.

தண்ணீரில் விழுந்த ரிமோட்

என் தந்தையார் 2022-ஆம் ஆண்டு காலமானார். அதன் பின் தஞ்சை ஜில்லாக் கிராமத்திலிருந்து என் தாயாரை இங்கே நாகபுரிக்கு, அஜ்னி ரயில்வே குடியிருப்புக்கு, அழைத்து வந்தேன். அம்மாவுக்கு ஹிந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. பகலில் நான் அலுவலகம் போய்விடுவேன்; என் மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள்; குழந்தைகளும் இல்லை. காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை அந்த வீட்டில் தமிழ் பேசுகிற ஒரே துணை, தொலைக்காட்சிப் பெட்டிதான்.

ஊரில் இருந்தபோது, அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சியின் ரிமோட்டை அம்மா பிளாஸ்டிக் உறையிலிட்டு, ரப்பர் வளையம் மாட்டி, அரிசி டப்பாவின் மேல் வைத்துக் காப்பாற்றியவர். நாங்களோ அவ்வளவு பொறுப்புள்ளவர்கள் அல்லோம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் என் ஆறு வயது மகன் ரிமோட்டை விமானமாக்கிப் பறக்கவிட்டான். அது கூலரின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. எடுத்துத் துடைத்து வெயிலில் காய வைத்தும் பிழைக்கவில்லை.

என் மகள் அன்று மாலையே என் கைப்பேசியிலும் தன் தாயின் கைப்பேசியிலும் ஒரு செயலியை இறக்கினாள். பெட்டியின் திரையில் தோன்றிய எழுத்துகளைக் கைப்பேசியில் பதித்தாள். கைப்பேசியே ரிமோட்டாகிவிட்டது. "இனிப் புதிய ரிமோட் எதற்கு? வீண் செலவு" என்று சொன்னவன் நானே. அந்தக் கைப்பேசிகள் இரண்டும் காலை எட்டு மணிக்கு எங்களோடு வெளியே போய்விடுமே, வீட்டிலிருப்பவர் என்ன செய்வார் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு அம்மாவின் பொருட்டே சவுண்ட் பார் எனப்படும் நீண்ட ஒலிபெருக்கி ஒன்று வாங்கினேன். கடையிலிருந்து வந்த பையன் அதைப் பெட்டியின் கீழே பொருத்தி, ஒரு மெல்லிய கம்பியால் இணைத்து, பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அட்டைப் பெட்டி பரண் மேல் ஏறியது. குளிர்காலத்தில் வீடு நிசப்தமாயிருக்கும்; வைத்த ஒலியே போதுமானதாயிருந்தது. எவரும் குறை காணவில்லை.

கோடை வந்தது

நாகபுரிக் கோடையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. கூலர் இல்லாமல் பகலைக் கழிக்க இயலாது; அந்தக் கூலரோ, சரக்கு வண்டி பாலத்தின் மேல் போவதுபோல் இரையும்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அம்மாவிடம் ஒரு மாறுதலைக் கண்டேன். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய தொடர்கதையை விஸ்தாரமாகச் சொல்லுகிறவர், சொல்லுவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "ஏதோ ஓடிச்சுப்பா" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கவனித்தேன்: நாற்காலியைப் பெட்டிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். காது மந்தமாகிவிட்டது என்று நானும் என் மனைவியும் முடிவு கட்டினோம். அறுபத்தேழு வயதில் அது ஆச்சரியமில்லை என்று எங்களுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். காதில் கருவியை மாட்டி, சிறு சிறு ஒலிகளைக் கேட்கச் செய்து சோதித்தார்கள். டாக்டர் அம்மையார் சொன்னது இது: "வயதுக்குரிய சிறு குறைவுதான், கருவி தேவையில்லை. ஆனால் இந்த வயதில் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். பேச்சில் வல்லெழுத்துகளின் தெளிவு அவற்றில்தான் இருக்கிறது. ஆகையால் இரைச்சலுக்கு நடுவே பேசினால், சப்தம் வருவது தெரியும், சொல் தெரியாது. வீட்டில் ஏதாவது இரைச்சல் உண்டா?"

வீட்டுக்கு வந்தேன். கூலர் இரைந்துகொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்துச் சப்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒலி அசையவில்லை. சானல் பொத்தானை அழுத்தினேன்; மாறியது. மீண்டும் சப்தப் பொத்தான், பயனில்லை. உண்மையில் மாலை வேளைகளில் நாங்கள் இதைக் கண்டதுண்டு. கூலரைச் சற்று நிறுத்திவிட்டுப் படம் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். நண்பகலில் தனியே இருக்கும் அம்மா கூலரை நிறுத்த முடியுமா?

"ஏம்மா, சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் அலைஞ்சுட்டு வர்றீங்க. இதுக்கு வேறயா? மொகத்தைப் பார்த்தாலே பாதிக் கதை தெரியுதே" என்றார்.

மூன்று வாரமாக அம்மா ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எந்த நிலையத்தைத் தாண்டியது?

முதலில் நாங்கள் செய்ததெல்லாம் தவறே. செயலியை நீக்கி மறுபடி இறக்கினோம். கைப்பேசியை அணைத்து ஏற்றினோம். மகளைக் கடிந்துகொண்டோம். புதுக் கைப்பேசி வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

எங்கள் சரக்குப் பிரிவில் ஒரு பெரியவர் தலைமைக் குமாஸ்தாவாயிருந்தார். வண்டிப்பெட்டி ஒன்று வந்து சேரவில்லை என்று புகார் வந்தால் அவர் பதற மாட்டார். "கடைசியாக எந்த நிலையத்தைத் தாண்டியது என்று கேள். அதற்கு அப்பால்தான் தேட வேண்டும்; இப்பால் தேடுவது வீண்" என்பார். இன்று கணினி அதைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் முறை அதுவே. அந்த முறையை இங்கே பிரயோகித்துப் பார்த்தேன்.

என் விரல் அழுத்தும் கட்டளை நான்கு நிலையங்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, கைப்பேசி. இரண்டாவது, வீட்டு வைஃபையை வழங்கும் ரௌட்டர். மூன்றாவது, தொலைக்காட்சிப் பெட்டி. நான்காவது, ஒலி உண்மையாகவே பிறக்கும் இடம். அது பெட்டியின் சொந்த ஒலிபெருக்கியாகவும் இருக்கலாம், வெளியே வைத்த சவுண்ட் பாராகவும் இருக்கலாம்.

சானல் மாறுகிறதல்லவா? அப்படியானால் கட்டளை மூன்று நிலையங்களையும் தாண்டிவிட்டது. கைப்பேசியிலும் குற்றமில்லை, வைஃபையிலும் குற்றமில்லை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையேதான் வண்டி நிற்கிறது!

அம்மாவின் நாற்காலியில் நான் அமர்ந்துகொண்டு, மகளை அழுத்தச் சொன்னேன். அப்போதுதான் கண்டேன்: திரையின் ஓரத்தில் ஓர் ஆங்கில வரி தோன்றி, இரண்டு விநாடியில் மறைந்தது. இணைத்துள்ள ஒலிபெருக்கியின் சப்தத்தை இங்கிருந்து மாற்ற இயலாது என்பது அதன் பொருள். ஒவ்வொரு முறையும் பெட்டி அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள் யாவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மா ஒருவரே. அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

கம்பியில் இருந்த காரணம்

கடைப் பையன் இணைத்துப் போனது ஆப்டிகல் கம்பி. அதனுள் ஒலி, ஒளித்துடிப்பாக ஒரு திசையில் மட்டும் செல்லுகிறது. 'சப்தத்தைக் கூட்டு, குறை' என்னும் கட்டளை செல்ல அதில் வழியில்லை. ஆகவே சவுண்ட் பாரின் சப்தத்தை அதன் மேலுள்ள பொத்தானாலோ, அதற்கே உரிய சிறு ரிமோட்டாலோதான் மாற்ற முடியும். அந்தச் சிறு ரிமோட் அட்டைப் பெட்டிக்குள், பரண் மேல், உறை பிரிக்காமல் கிடந்தது.

பரிகாரம் எளிது. பெரும்பாலான புதிய பெட்டிகளின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளைகளுள் ஒன்றின் அருகே ஏ.ஆர்.சி. என்று அச்சிட்டிருக்கும். 2009-ஆம் ஆண்டு வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 விதிமுறையில் சேர்க்கப்பட்ட வசதி இது. அந்தத் துளையிலிருந்து சவுண்ட் பாரில் அதே எழுத்துகள் உள்ள துளைக்கு எச்.டி.எம்.ஐ. கம்பி போட வேண்டும். அடுத்து, பெட்டியின் அமைப்புகளில் ஒலி வெளியேறும் வழியாக அந்த ஏ.ஆர்.சி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவதாக, சி.இ.சி. என்ற வசதியை இயக்க வேண்டும். ஒரே கம்பியால் இணைந்த கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை சொல்லிக்கொள்ளும் பாஷை அது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தன் பெயரைச் சூட்டியிருப்பதால் பலர் அடையாளம் காண்பதில்லை: சாம்சங் பெட்டியில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பின்னர் இரு கருவிகளின் மின்இணைப்பையும் பிடுங்கி, ஓரிரு நிமிடம் கழித்துச் செருகுக. நான் அவ்வாறே செய்தேன். கைப்பேசிப் பொத்தானுக்குச் சவுண்ட் பார் பணிந்தது.

மற்ற வீடுகளில் நேரக் கூடியவை

எல்லோர் வீட்டிலும் குறை ஒரே இடத்தில் இராது. ஆகையால் நிலையம் நிலையமாகப் பார்ப்போம்.

எந்தப் பொத்தானுமே வேலை செய்யவில்லை எனில், முதல் இரண்டு நிலையங்களைச் சந்தேகிக்கலாம். கைப்பேசியும் பெட்டியும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தபின் ஒன்று வேறு பெயருள்ள வைஃபையைப் பிடித்துக்கொள்வதுண்டு. விருந்தினர்க்கென வைத்த வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுப்பு இருப்பது வழக்கம். கைப்பேசியில் வி.பி.என். ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள். ஐபோனில் 2020-ஆம் ஆண்டு வந்த 14-ஆம் பதிப்பு முதல், வீட்டு வலையிலுள்ள கருவிகளை நாட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கிறது. அன்று அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால், அமைப்புகளுக்குள் சென்று அனுமதி தர வேண்டும். இவை யாவும் சரியாயிருந்தும் பயனில்லை எனில், ரௌட்டரையும் பெட்டியையும் ஒருமுறை அணைத்து ஏற்றிவிட்டு, செயலியில் பெட்டியை நீக்கி மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில கைப்பேசிகள் வைஃபை இல்லாமலே ரிமோட்டாகும். ரெட்மி, போகோ முதலிய பெயர்களில் வரும் பல கைப்பேசிகளின் உச்சியில் அகச்சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. ஐபோனில் அது கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 38,000 முறை துடித்துச் செய்தி சொல்லும். இந்த ஜாதி ரிமோட்டுக்கு ஒளி செல்ல நேர்வழி வேண்டும். பெட்டியின் கீழ்விளிம்பிலுள்ள சிறு கண்ணைச் சவுண்ட் பாரோ, கொலுப் பொம்மையோ, பூவேலைத் துணியோ மறைத்தால் செய்தி சேராது. விளக்கு எரிகிறதா என்றறிய, மற்றொரு கைப்பேசியின் காமிராவை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் ஒரு பொறி தெரியும். பின்புறக் காமிராவில் தெரியாவிடில் முகம் பார்க்கும் காமிராவில் பாருங்கள். பொறி தெரிந்தும் சப்தம் மட்டும் மாறவில்லை என்றால், செயலியில் உங்கள் பெட்டிக்குரிய மாதிரி சரியாகத் தேர்ந்தெடுக்கப்படாமல் இருக்கலாம். பட்டியலில் அடுத்ததைச் சோதியுங்கள்.

டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் சப்தத்துக்கு இரண்டு எஜமானர்கள் உண்டு. செட்டாப் பாக்ஸ் ஓர் அளவு வைத்திருக்கும். தொலைக்காட்சி ஓர் அளவு வைத்திருக்கும். பாக்ஸின் அளவு தாழ்ந்திருந்தால், தொலைக்காட்சியை நூறு வரை ஏற்றினாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும். பாக்ஸின் அளவை உயர்த்தி நிலையாக வைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் கூட்டிக் குறைப்பதே நலம்.

பெட்டியில் செருகும் ஸ்டிக் கருவிகளில் ஒரு விசித்திரம் காணலாம். அவற்றின் கைரிமோட்டில் சப்தம் ஏறும். கைப்பேசிச் செயலியில் ஏறாது. காரணம், பல கைரிமோட்டுகள் ஸ்டிக்கைக் கேளாமல் அகச்சிவப்பொளியால் நேரே பெட்டிக்குக் கட்டளை கொடுக்கின்றன. செயலிக்கு அந்தக் குறுக்கு வழி இல்லை. மேலே சொன்ன சி.இ.சி.யை இயக்கினால் பெரும்பாலும் வழி பிறக்கும். புளூடூத் ஒலிபெருக்கி அல்லது காதணி இணைந்திருந்தாலும், சில பெட்டிகளில் அதன் சப்தத்தை அதன் பொத்தானால்தான் மாற்ற முடியும்.

ஆக, எந்த வீடாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மற்றப் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா? இந்த ஒலி எந்தக் கருவியின் வாயிலிருந்து வருகிறது? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், புதுக் கைப்பேசி வாங்கும் செலவு மிச்சம்.

செய்தி செல்லும் வழியே ரிமோட்டின் ஆதி நாள் முதல் தொல்லையாக இருந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனித் கம்பெனியில் யூஜீன் பாலி என்பவர் செய்த கம்பியில்லா ரிமோட், டார்ச் விளக்குப்போல் ஒளியைப் பாய்ச்சியது. ஜன்னல் வெயில் பட்டால் பெட்டி தானே ஏதேதோ செய்தது. மறு ஆண்டு அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர், அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியால் தட்டி, மனிதர் காதுக்கு எட்டாத ஒலியால் பெட்டியை ஆட்டுவித்தார். அதற்குப் பாட்டரியே தேவைப்படவில்லை.

நாங்கள் செய்த கடைசி வேலை

கைப்பேசி பணிந்துவிட்டதென்று நான் மகிழ்ந்திருந்தபோது, என் மனைவி கேட்டாள்: "எல்லாம் சரி. நாளைக் காலை எட்டு மணிக்கு இந்தக் கைப்பேசி எங்கே இருக்கும்?"

வாயடைத்துப் போனேன். அன்று மாலையே கடைவீதியில் சில நூறு ரூபாய்க்கு எங்கள் பெட்டிக்கான சாதாரண ரிமோட் ஒன்று வாங்கினோம். கூட்டும் பொத்தானில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டும், குறைக்கும் பொத்தானில் இரண்டு பொட்டும் என் மனைவி வைத்தாள். என் மகள் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் வளையம் மாட்டினாள். அப்பாயியிடமிருந்து கற்ற வித்தை. ஒரு நாடாவால் நாற்காலியின் கையோடு கட்டியும் வைத்தோம், கூலர்த் தொட்டிக்கு எட்டாத தூரத்தில்.

அடுத்த வீட்டுக்காரர் ரயில் ஓட்டுபவர். இரவுப் பணி முடிந்து வந்து பகலில் உறங்குகிறவர். அவர் வந்து கதவைச் சாத்தும் ஓசை கேட்டதும், அம்மா இரண்டு பொட்டுப் பொத்தானைத் தேடிச் சப்தத்தைத் தணித்துவிடுகிறார். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சப்தத்தைக் கூட்ட முடிகிறவருக்குத்தான் குறைக்கவும் முடிகிறது.

இப்பொழுதெல்லாம் விடியற்காலையில் தமிழ் அலைவரிசையின் நாதஸ்வரம் கேட்டுத்தான் நான் கண் விழிக்கிறேன். இரவுச் சாப்பாட்டில் தொடர்கதை மீண்டும் வந்துவிட்டது. சென்ற வாரம் மாமியார் மருமகளைச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அம்மா இன்னும் அந்த மாமியாரை மன்னிக்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த வார்த்தை தெரிந்திராது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் மூத்தவர் ஒருவர் பெட்டிக்கு மிக அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அவர் காதைக் குறை கூறுமுன் ஒரு நண்பகலில் அந்த நாற்காலியில் நீங்கள் அமர்ந்து பாருங்கள்.